காற்றாலைப் பங்கு வாங்கும் முன்

(அதியமான்கோட்டையில் நடந்த மாதாந்திரக் குடும்ப நலக் கூட்டத்தில் அறக்கட்டளைப் பொறுப்பாளர்கள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

இந்த மாதம் கல்வி உதவித்தொகை விண்ணப்பங்களைப் பற்றிப் பேசுவதாக இருந்தோம். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறோம். காரணம் இருக்கிறது. ரமலான் முடிந்த பிறகு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மூன்று குடும்பத்தார், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே மாதிரியான காகிதத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்கள். தென் மாவட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் 250 கிலோவாட் காற்றாலை ஒன்றில் பங்கு தருகிறோம், போட்ட பணத்துக்குப் பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை தவறாமல் வரும் என்று அதில் எழுதியிருந்தது. மூன்று குடும்பத்தில் ஒரு குடும்பம் மகளின் நிக்காஹுக்கு எடுத்து வைத்த பணத்திலிருந்து முன்பணமும் கொடுத்துவிட்டது.

“இது சரியா, போடலாமா?” என்று கேட்டார்கள். எங்களுக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதைவிட, நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று முடிவு செய்தோம். ஆடி மாதத்தில் எங்களில் நான்கு பேர் ஆரல்வாய்மொழி வரை போய் வந்தோம். அதில் ஒருவர் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். போய்ப் பார்த்ததையும், திரும்பி வந்து படித்துத் தெரிந்துகொண்டதையும்தான் இன்று சொல்லப் போகிறோம். கொஞ்சம் கணக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குக் காற்றாலை புதிதல்ல. சேலம் போகும் பெரிய சாலையில், நீளமான டிரெய்லரில் ஒற்றை வெள்ளை இறக்கையை ஏற்றிக்கொண்டு, முன்னும் பின்னும் ஜீப் போட்டு ஊர்ந்து போவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தொப்பூர் இறக்கத்தில் அது திரும்பும்போது பின்னால் வண்டிகள் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதும் தெரியும். லாரி ஓட்டிய நம் சகோதரர் ஒன்று சொன்னார்: அவர் ஓட்டத் தொடங்கிய காலத்தில் இந்த இறக்கைகள் சாதாரண டிரெய்லரிலேயே போகும், இப்போது அறுபது, எழுபது மீட்டர் வந்துவிட்டது. இன்றைய பேச்சில் பாதி அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. இறக்கை ஏன் நீண்டது?

காற்றாலை எடுக்கும் மின்சாரத்தை முக்கியமாக இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று, இறக்கைகள் சுற்றும்போது உண்டாகும் வட்டத்தின் பரப்பு. இறக்கை இரண்டு மடங்கு நீளமானால் பரப்பு நான்கு மடங்கு. இரண்டாவது, காற்றின் வேகம். இதுதான் பலரும் தவறவிடும் இடம். வேகம் இரண்டு மடங்கானால் காற்றில் உள்ள ஆற்றல் இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. வினாடிக்கு 6 மீட்டர் வீசும் இடத்துக்கும் 7 மீட்டர் வீசும் இடத்துக்கும் நம் முகத்தில் வித்தியாசமே தெரியாது. ஆனால் இரண்டாவது இடத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது.

காற்றில் உள்ளதை முழுதாகப் பிடித்துவிடவும் முடியாது. எல்லாவற்றையும் பிடித்துவிட்டால் இறக்கைக்குப் பின்னால் காற்று அசையாமல் நின்றுவிடும். முன்னால் வருகிற காற்றுக்குப் போக வழியில்லை. ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானியர் நூறு வருடத்துக்கு முன்பே கணக்குப் போட்டு, அதிகபட்சம் 59.3 சதவீதம்தான் எடுக்கலாம் என்று காட்டினார். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் இந்த எல்லைக்குக் கீழேதான். “எங்கள் இயந்திரம் 90 சதவீதம் காற்றை மின்சாரமாக்கும்” என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

இங்கே ஒரு சின்ன விலகல். காற்றை வேலைக்கு வைத்த பழைய சமூகங்களில் நம்மவர்களும் உண்டு. ஈரான், ஆப்கான் எல்லையில் உள்ள சீஸ்தான் பகுதியில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே காற்றால் மாவரைத்ததை அக்காலத்து முஸ்லிம் புவியியலாளர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரானின் நஷ்திஃபான் கிராமத்தில் மண்ணாலும் மரத்தாலும் ஆன அந்த வகை ஆலைகள் இன்னும் நிற்கின்றன. அங்கே கோடைக் காற்றுக்கு ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே பெயர். வருடம் முழுதும் வீசாது, அந்த நாட்களில்தான் வீசும் என்பதைப் பெயரிலேயே வைத்திருக்கிறார்கள். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

நம் மாநிலத்தில் அப்படி வீசும் இடம் எது? தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து முட்டுகிறது. மலையில் எங்கெல்லாம் இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் நெருக்கிக்கொண்டு வேகமாக வெளியே வருகிறது. வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் திறந்து வைத்தால் நடையில் காற்று பிய்த்துக்கொண்டு போகுமே, அதுபோல. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய நான்கும் அப்படிப்பட்ட வாசல்கள். அதனால்தான் உடுமலைப்பேட்டை, தேனி, தென்காசி, முப்பந்தல் என்று காற்றாலைகள் கொத்துக்கொத்தாக நிற்கின்றன. நமக்கும் ஆடிக் காற்று உண்டு, ஆனால் நாம் அந்த வாசலுக்கு நேரே இல்லை.

1986ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்துத்தான் தமிழ்நாட்டில் இது தொடங்கியது. இன்று மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைத் திறன் இருக்கிறது. நீண்ட காலம் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தோம். அண்மையில்தான் குஜராத் நம்மைத் தாண்டியது.

ஏன் தாண்டியது என்பதை முப்பந்தலில் நின்று பார்த்தபோது புரிந்துகொண்டோம். அங்கே ரோட்டோரத்திலேயே, மிக நல்ல காற்று வரும் இடத்தில், குட்டையான பழைய காற்றாலைகள் நெருக்கி நெருக்கி நிற்கின்றன. பெரிய புது இயந்திரங்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. முதலில் வந்தவர்கள் முதல் தரமான இடத்தைப் பிடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். 1990களில் காற்றாலை வைத்தால் அதன் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை இருந்தது. நல்ல சலுகைதான், அதனால்தான் இந்தத் தொழிலே வளர்ந்தது. ஆனால் இயந்திரம் எவ்வளவு யூனிட் எடுக்கிறது என்பதைவிட மார்ச் மாதத்துக்குள் நின்றுவிட்டதா என்பதே சிலருக்கு முக்கியமாக இருந்தது என்பது எங்கள் எண்ணம்.

நம் குடும்பங்களுக்குக் காட்டப்பட்ட 250 கிலோவாட் ரகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் இறக்கை வட்டத்தின் விட்டம் சுமார் 30 மீட்டர். பரப்பு 700 சதுர மீட்டர் சொச்சம். இப்போது வருகிற இயந்திரங்களில் 120 மீட்டர் விட்டம் சாதாரணம். பரப்பு 11,300 சதுர மீட்டர். பதினாறு மடங்கு! அதோடு பழைய கோபுரம் பெரும்பாலும் 30 முதல் 50 மீட்டர் உயரம்; புதியது 120 மீட்டரைத் தாண்டுகிறது. தரைக்கு அருகே மரம், வீடு, மேடு எல்லாம் காற்றைத் தடுக்கும், மேலே போகப் போக வேகம் கூடும். வேகம் கொஞ்சம் கூடினாலும் என்ன ஆகும் என்றுதான் பார்த்தோமே.

ஆகவே காற்றாலைப் பண்ணையின் திறனைக் கூட்ட முதல் வழி, நல்ல இடத்தில் நிற்கும் நாலைந்து பழையதை இறக்கிவிட்டு ஒரு பெரியதை ஏற்றுவது. தமிழ்நாடு அரசு 2024ல் இதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது: பழையதை மாற்றுவது, புதுப்பிப்பது, ஆயுளை நீட்டிப்பது மூன்றும் அதில் உண்டு. கேட்க எளிது, செய்வது கடினம். நாலைந்து இயந்திரத்துக்கும் நாலைந்து உரிமையாளர்கள். ஒருவர் கோயம்புத்தூர் மில்காரர், ஒருவர் சென்னையில், ஒருவர் காலமாகி வாரிசுகள் கோர்ட்டில். பெரிய இயந்திரத்துக்கு இடைவெளி அதிகம் வேண்டும், அதற்குப் பக்கத்து நிலக்காரர் சம்மதிக்க வேண்டும். சொத்துப் பாகப்பிரிவினை பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இடைவெளி என்றோமே, அது ஏன்? லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு பைக்கில் போனால் எதிர்க்காற்று தெரியாது. காற்றாலைக்குப் பின்னாலும் அப்படித்தான். முன்னால் உள்ளது ஆற்றலை எடுத்துக்கொண்டு, கலங்கிய, வேகம் குறைந்த காற்றைப் பின்னால் தள்ளுகிறது. பின்வரிசை அதைத்தான் வாங்க வேண்டும். டென்மார்க் கடலில் ஹார்ன்ஸ் ரெவ் என்ற பண்ணையை 2008ல் பனிமூட்டத்தில் எடுத்த படம் ஒன்று உலகம் முழுக்கப் பிரபலம். ஒவ்வொரு இயந்திரத்துக்குப் பின்னாலும் வெள்ளை வால்போல் கலங்கிய காற்று நீண்டு, அடுத்ததன்மேல் விழுவது கண்ணுக்கே தெரியும். நெருக்கமாக நடப்பட்ட முப்பந்தலில் இந்த வால் எத்தனை பேர்மேல் விழுகிறதோ!

இதற்கு அழகான தீர்வு ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முன்வரிசை இயந்திரத்தைக் காற்றுக்கு நேராக நிறுத்தாமல் வேண்டுமென்றே சில டிகிரி திருப்பி வைப்பது. அதற்குக் கொஞ்சம் உற்பத்தி குறையும். ஆனால் அதன் வால் பக்கவாட்டில் விலகிப் போய்விடும். பின்னால் உள்ளவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும். மொத்தத்தில் லாபம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதற்குக் கணக்கு முறை வகுத்து நம் இந்தியாவிலேயே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணையில் சோதித்து 2022ல் வெளியிட்டார்கள். எல்லா வேகத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1.2 சதவீதமும், வினாடிக்கு 6 முதல் 8 மீட்டர் வரையிலான காற்றில் 3 சதவீதமும் கூடியது. 1.2 சதவீதம் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். புது இயந்திரம் ஒன்றுகூட வாங்காமல், கட்டுப்படுத்தும் முறையை மாற்றி மட்டும் வந்த கூடுதல் அது. ஆனால் பண்ணை முழுவதும் ஒரே நிர்வாகத்தின் கையில் இருந்தால்தான் இது நடக்கும். ஆளுக்கொரு இயந்திரம் வைத்திருக்கும் இடத்தில், அடுத்தவருக்காக என் இயந்திரத்தை ஏன் திருப்ப வேண்டும் என்று கேட்பார்களே.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கியர்பாக்ஸ் எண்ணெய், பேரிங், இறக்கையின் விளிம்பு தேய்வது, இவையெல்லாம் காற்று சீசனுக்கு முன்பே பார்க்கப்பட வேண்டும். இறக்கையில் பூச்சி ஒட்டுவதுகூட உற்பத்தியைக் கெடுக்கும். கலிபோர்னியாவில் சில பழைய இயந்திரங்கள் பலத்த காற்றிலும் பாதி மின்சாரம்தான் தருகின்றன என்று பல காலம் காரணம் தெரியாமல் திண்டாடினார்கள். மெல்லிய காற்று வீசும் நாட்களில் பறக்கும் பூச்சிகள் இறக்கையில் அடிபட்டு ஒட்டிக்கொண்டு, காற்று பலமாகும்போது இறக்கையின் வடிவத்தைக் கெடுக்கின்றன என்று 2001ல் இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஒரு நல்ல மழை பெய்தால் தானே சரியாகிவிடும்.

அடுத்தது இன்னும் பெரிய இழப்பு. காற்று வீசுகிறது, இயந்திரம் நன்றாக இருக்கிறது, ஆனாலும் நிறுத்தச் சொல்கிறார்கள். ஏன்? மின்கம்பியில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவுதான் உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸ் என்ற அளவு தவறி, எல்லை மீறினால் ஊரே இருளும். இரவு இரண்டு மணிக்கு நாம் தூங்கும்போது காற்று பேய்போல் வீசினால் அந்த மின்சாரத்தை எங்கே கொண்டு போவது?

2012ல் நம் ஊரில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் கிடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். தையல் மெஷின் வைத்திருந்தவர்கள் இரவில் எழுந்து தைத்தார்கள். அதே காலத்தில் தெற்கே காற்று சீசனில், கம்பி தாங்காது என்று காற்றாலைகளை நிறுத்தி வைத்த நேரங்களும் இருந்தன. இந்த வேதனை பலருக்குத் தெரியாது. அப்போது தென் மாநிலங்களின் மின்தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணைந்திருக்கவில்லை. 2013 டிசம்பர் 31 அன்றுதான் ராய்ச்சூர், சோலாப்பூர் பாதை வழியாக ஒன்றாயிற்று. பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை வந்தது. 6,000 மெகாவாட் கொண்டு வரலாம், காற்று மிகுந்த காலத்தில் இங்கிருந்து வடக்கே அனுப்பவும் செய்யலாம். நம் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. தூத்துக்குடியிலிருந்து தர்மபுரி வந்து கர்நாடகத்தின் மதுகிரிக்குப் போகும் உயர் அழுத்தப் பாதை நம் பக்கத்துக் காடு மேடுகளைத் தாண்டித்தான் போகிறது. காற்றாலை நம்மிடம் இல்லை, ஆனால் மின்சாரம் போகிற வழியில் இருக்கிறோம்.

மிஞ்சியதைச் சேமிக்கவும் வழி உண்டு. கோவை மாவட்டத்தின் காடம்பாறையில் 1980களிலேயே கட்டிய 400 மெகாவாட் நிலையம் இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை இறைத்துவிடுவார்கள். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் மிக்சியும் ஓடும்போது அந்தத் தண்ணீரைத் திறந்து மின்சாரம் எடுப்பார்கள். வீட்டில் மேல்தொட்டி வைத்திருக்கிறோமே, அதே யோசனைதான். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு இன்னொன்று திட்டமிட்டுக் கட்டத் தொடங்கினார்கள். இவற்றோடு, நாளை எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று வரும் என்று முன்கூட்டியே சொல்லும் வேலையும் நடக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் இதில் முக்கியமானது. கயத்தாறில் அவர்களுக்குச் சோதனை நிலையமும் இருக்கிறது. முன்பே தெரிந்தால் அனல் மின்நிலையத்தைக் குறைத்து வைத்துக் காற்றுக்கு இடம் விடலாம் அல்லவா.

இப்போது அந்தக் காகிதத்துக்கு வருகிறோம்.

அந்த இயந்திரத்தையும் தேடிப் போய்ப் பார்த்தோம். பக்கத்தில் உள்ளவை எல்லாம் சுற்றிக்கொண்டிருந்தன. அது மட்டும் நின்றது. கியர்பாக்ஸ் உடைந்து சில மாதமாக இப்படித்தான் என்று பக்கத்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன் சொன்னார். ஆடியில் நிற்கிற காற்றாலை, அறுவடை நேரத்தில் பூட்டிக் கிடக்கும் களத்துக்குச் சமம். வருட உற்பத்தியில் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையில்தான் வருகிறது.

சரி, அது ஓடுவதாகவே வைத்துக்கொள்வோம். மின்வாரியத்தில் இருந்த நம் சகோதரர் போட்ட கணக்கு இது. 250 கிலோவாட் இயந்திரம் வருடம் முழுதும் முழு வேகத்தில் ஓடினால் ஏறக்குறைய 22 லட்சம் யூனிட். எந்தக் காற்றாலையும் அப்படி ஓடாது. அந்தப் பழைய ரகத்துக்கு அதில் 18 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தால் 4 லட்சம் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. காகிதத்தில் எத்தனை பங்கு விற்கப் போகிறார்கள், பங்குக்கு மாதம் எவ்வளவு தருவார்கள் என்று இருந்ததோ, அதையெல்லாம் கூட்டினால், அந்த 4 லட்சம் யூனிட் முழுவதையும் விற்று வரும் பணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் வந்தது. பராமரிப்பு, இன்சூரன்ஸ், நில வாடகை எல்லாம் இன்னும் கழிக்கவில்லை. மீதிப் பணம் எங்கிருந்து வரும்? புதிதாகப் பங்கு வாங்குகிறவரின் பணத்திலிருந்துதான் வர வேண்டும்.

பன்னிரண்டு மாதமும் ஒரே தொகை என்பதையும் யோசியுங்கள். ஆனியில் வீசுகிற காற்று மாசியில் வீசாது. நூற்றிருபது நாள் காற்று என்று சொன்னோமே. காற்றையே நம்பி நடக்கும் வியாபாரத்தில் வருமானம் ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும். ஏறி இறங்காத தொகை தருவதாகச் சொன்னால் அவர்கள் விற்பது காற்றாலை அல்ல. அது வட்டியா இல்லையா என்பதை நம் ஹஜ்ரத் அடுத்த வாரம் விளக்குவார். நாங்கள் கணக்கோடு நின்றுகொள்கிறோம்.

காற்றாலையில் பணம் போடுவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. ஒழுங்காக நடத்தி, மில்லுக்கும் கம்பெனிக்கும் மின்சாரச் செலவைக் குறைத்துக்கொண்டவர்கள் ஏராளம். ஆனால் யாராவது கேட்டு வந்தால், கடந்த ஐந்து வருடத்து மாதவாரி யூனிட் கணக்கை மின்வாரியத்தின் பதிவோடு காட்டச் சொல்லுங்கள். இயந்திரம் யார் பெயரில் இருக்கிறது, அடியில் உள்ள நிலம் யார் பெயரில் இருக்கிறது, வங்கியில் அடமானம் உண்டா என்று கேளுங்கள். பழையதை மாற்றும் திட்டம் அந்த இடத்துக்கு வந்தால் பங்குக்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதையும் கேளுங்கள். நாங்கள் அந்த மூன்று குடும்பத்துக்காக முதல் கேள்வியை மட்டும் எழுதி அனுப்பினோம். பதில் வரவில்லை. இரண்டு குடும்பம் பணம் போடவில்லை. முன்பணம் கொடுத்த குடும்பத்துக்குப் பாதி திரும்ப வந்திருக்கிறது. மீதிக்காக வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், செலவை அறக்கட்டளை ஏற்றுக்கொள்கிறது.

இதே காகிதம் இன்னும் சில வீடுகளில் இருப்பதாகக் கேள்விப்படுகிறோம். வைத்திருப்பவர்கள் கூச்சப்பட வேண்டாம். வியாழக்கிழமை தோறும் அஸருக்குப் பிறகு அலுவலகத்தில் இருக்கிறோம், கையெழுத்துப் போடும் முன் கொண்டு வாருங்கள். பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் அதற்கும் ஏற்பாடு உண்டு.